வலப்புறச் சுவர்

ஆவணி 5, வியாழன்

புதுக் குறிப்பேடு. முதல் பக்கத்தில் நல்லதொன்றை எழுத எண்ணியிருந்தேன், இயலவில்லை.

காலைப் பூசையும் ஓதலும் முடிந்து வாசலுக்கு வந்தபோது என் பழைய கார் வேப்பமரத்தடியில் நின்றது. பதினோரு ஆண்டுகளாக ஷெட்டைவிட்டு அசையாத வண்டி. டயர்களில் காற்றில்லாமையால் ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்களாம். என்னைக் கேட்காமல் மாப்பிள்ளை செய்துவிட்டார் என்று கூற இயலாது. சென்ற வாரம் ஷெட் வேண்டுமென்று கேட்டார், "யோசிப்போம்" என்றேன். யோசிப்போம் என்பதை இக்காலத்தவர் இசைவாகக் கொள்கின்றனர்.

மாப்பிள்ளை பூபதி என் ஒரே மகள் மேகலாவின் கணவர். ஒரு பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகள் லேத் என்னும் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். பங்குனியில் ஆள் குறைப்பில் வேலை போயிற்று என்றனர். ஆனியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் இங்கே வந்தனர். அப்பா தனியாக இருக்கிறார், துணைக்கு வருகிறோம் என்பது மேகலா கூறிய காரணம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பணி செய்தவன் நான். துணைக்கு வந்தவர்கள் எழுதி வாங்கிய பத்திரங்கள் எத்தனை என் மேசையைக் கடந்தன என்பதை இறைவன் அறிவான்.

"இந்த எடத்துல சின்னதா ஒரு பட்டறை போட்டுக்கறனுங்க மாமா. லேத் ஒண்ணு, டிரில் ஒண்ணு, பெஞ்ச் ஒண்ணு. ஒரு மூலைல கெடந்துக்குவனுங்க."

"சத்தம் வருங்களே மாப்பிள்ளை."

"காலைல நீங்க பாடற பாட்டுக்குத் தாளம் போட்டாப்ல இருக்குமுங்க."

மேகலா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆவணி 9, திங்கள்

மதிலை வளைக்கச் செல்லும் படையினர் உழிஞைப் பூச் சூடுவர் என்று பழம்பாடல்கள் கூறும். என் மாப்பிள்ளை அளவு டேப்போடு வந்தார். காலை முதல் நண்பகல் வரை ஷெட்டை அளந்தார். உள்ளே அளந்தது சரி. வெளியிலும் அளந்ததன் பொருள் என்ன? ஷெட்டின் வலப்புறச் சுவருக்கு அப்பால் இருப்பது என் பூசை அறை. அந்தச் சுவரை முழங்கையால் இருமுறை தட்டிப் பார்த்தார்.

அவர் அளவைச் சொல்ல, மேகலா தாளில் குறித்தாள். அவர் ஏன் எழுதவில்லை? தம் கையெழுத்தில் எதுவும் இருக்கலாகாது என்ற முன்னெச்சரிக்கை. இத்தகையோரை நான் அறிவேன்.

சட்டையும் கவனித்தேன். வெயில் கொதிக்கிறது, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான்.

ஆவணி 11, புதன். விநாயக சதுர்த்தி

மனம் புண்பட்ட நாள்.

பூசை முடிந்து திருநீறு வழங்கினேன். மேகலா இரு கைகளையும் ஏந்திப் பெற்றாள். மாப்பிள்ளை இடக் கையை நீட்டினார். இடக் கையை. வலக் கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. தட்டோடு நின்றேன். அவர் கையை மாற்றுவார் என்று காத்திருந்தேன். மாற்றவில்லை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஐம்பது வயதை நெருங்கும் மனிதருக்கு எந்தக் கையால் திருநீறு பெறுவது என்பது தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தே செய்தார். இதற்குத் திமிர் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

விருந்துக்கும் இலையில் என்னோடு உட்காரவில்லை. "அவரு அப்பறமாச் சாப்புடறாருங்கப்பா" என்றாள் மகள். பிறகு தம் அறையில் சாப்பிட்டார். கழுவப் போட்ட தட்டில் ஸ்பூன் இருந்தது. கொழுக்கட்டைக்கு ஸ்பூன்.

ஆவணி 18, புதன்

ஷெட் ஏறக்குறைய உருவாகிவிட்டது. மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்த வேளையில் உள்ளே சென்று பார்த்தேன். என் இடம்; பார்க்க எனக்கு உரிமையுண்டு.

ஒழுங்கு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இடப்புறச் சுவர் முழுதும் பிளைவுட் பலகை அடித்து, ஸ்பேனர், அரம், சுத்தியல், ரம்பம் ஒவ்வொன்றுக்கும் ஆணி. ஒவ்வொன்றின் வடிவத்தையும் பலகையில் வெள்ளைப் பெயின்டால் கோடிட்டிருக்கிறார். எது எடுக்கப்பட்டாலும் அதன் வெற்றிடம் காட்டிக்கொடுத்துவிடும். பதிவேடு வைக்கும் முறைக்கு ஒப்பானது. திருகாணிகள் ஊறுகாய்ப் பாட்டில்களில், அளவுவாரியாக. இரும்பைப் பற்றிப் பிடிக்கும் வைஸ் பெஞ்சின் இடக்கோடியில். டிரில்லிங் மெஷினின் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, கீழே மிதிகட்டை ஒன்றும் வைத்திருக்கிறார். தையல் இயந்திரமா இது, காலால் மிதிப்பதற்கு?

வலப்புறச் சுவரில் ஒன்றுமில்லை. ஓர் ஆணிகூட இல்லை. பதினெட்டடிச் சுவரை எவரேனும் வெறுமையாக விடுவரா, அதை இடிக்கும் எண்ணம் இல்லையெனில்? பூசை அறையையும் சேர்த்துக்கொண்டால் ஷெட் இரண்டு மடங்கு ஆகும்.

பணியில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். பத்திரத்தில் விரல் பதிக்கும்போது என்னைப் பார்த்து, "வாடகைப் பத்திரந்தானுங்களே சாமி?" என்றார். அது தானப் பத்திரம். மருமகன் அருகில் நின்று அவர் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். அன்று நான் பதிவை நிறுத்தினேன். என் பத்திரத்தை நிறுத்த யார் இருக்கிறார்கள்?

பெண் கேட்டு வந்த அன்றே எனக்குத் தயக்கம். லேத் ஓட்டுபவருக்கு எதை நம்பிப் பெண் கொடுப்பது என்று நேராகவே கேட்டேன். சபையில் பதினைந்து பேர். பூபதி எழுந்து இரண்டு கைகளையும் என் முன் விரித்துக் காட்டினார். "இது ரெண்டும் இருக்குதுங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு அது அடக்கமாகத் தோன்றவில்லை.

ஆவணி 23, திங்கள்

எதிர்பார்த்தது வந்தது.

"ஏனுங்க மாமா, ஒரு கையெழுத்து வேணுமுங்க."

த்ரீ பேஸ் மின் இணைப்புக்கு விண்ணப்பம். அது இல்லாமல் லேத் ஓடாது. அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், பம்பு செய்பவர், சுழல்தண்டில் மாட்டும் வெண்கல வளையமான புஷ் பன்னிரண்டு கடைந்து தரச் சொல்லியிருக்கிறாராம். புரட்டாசி முடிவதற்குள் கொடுத்து, அளவு சரியாக இருந்தால், தொடர்ந்து வேலை தருவாராம். தவறினால் வேறொரு பட்டறைக்குப் போய்விடுமாம்.

"இணைப்பு யார் பெயரில்?" என்றேன்.

"என்ற பேர்லீங்க. தொழில் பதிவுக்கு அப்படித்தான் இருக்கோணும்னாங்க. வீட்டுக்காரரு ஆட்சேபணை இல்லீன்னு எழுதிக் குடுத்தாப் போதுமுங்க."

முதலில் மின் இணைப்பு. பிறகு அந்த ரசீதைக் காட்டி வரி விதிப்பில் பெயர். பிறகு, இத்தனை ஆண்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று ஒரு வழக்கு. படிகளை நான் மனப்பாடமாக அறிவேன்.

விண்ணப்பத்தின் அடியில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக இருந்தது. திருமணப் பதிவில் அவர் இட்ட கையெழுத்து என் பெட்டியில் உள்ளது, எடுத்து ஒப்பிட்டேன். ஓர் எழுத்தும் ஒத்துவரவில்லை. பின்னாளில் "இது நான் போட்டதன்று" என மறுப்பதற்காகக் கையெழுத்தை மாற்றி இடுபவர்களைப் பணிக்காலத்தில் நான்கு முறை கண்டிருக்கிறேன். இது ஐந்தாவது.

மேகலா எதிரில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்க இயலவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.

ஆவணி 24, செவ்வாய்

மேற்படி கதவு எண்ணுக்கு இணைப்பு வழங்கலாகாது, உரிமையாளனாகிய நான் நேரில் வந்து கூறும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கவும் என்று மின்சார அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டையோடு.

தன் வீட்டைக் காப்பது அறத்துக்கு மாறானது என்று எந்த நூலும் கூறவில்லை.

புரட்டாசி 3, வெள்ளி. பிரதோஷம்

ஷெட்டுக்குப் புதுப் பூட்டு. சாவி என்னிடம் இல்லை.

மாப்பிள்ளை காலை உணவுக்குப் பின் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்கிறார். நான் பூசை அறையில் அமர்ந்து சுவர்வழியே கேட்கிறேன். இரும்பு தரையில் விழும் ஓசை. நீண்ட அமைதி. மீண்டும் விழும் ஓசை. இன்று மட்டும் நாற்பத்தொரு முறை. ஓதிக்கொண்டே எண்ணியதால் எங்கோ இரண்டு அடிகளைத் தாண்டிவிட்டேன். திரும்ப முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

தரையைத் தோண்டுகிறாரோ என்றும் ஐயுற்றேன். ஆனால் மண் வெளியே வரவில்லை. மண்ணும் வரவில்லை, செய்த பொருளும் வரவில்லை. பன்னிரண்டு நாளாக ஒரு மனிதர் பூட்டிய அறைக்குள் என்னதான் செய்கிறார்?

மேகலாவிடம் கேட்டேன். "பழகறாருங்கப்பா" என்றாள். இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்தவர் எதைப் பழகுகிறார்? உடனே, "பால்காரர் வந்துட்டாரு" என்று எழுந்து போனாள். பால்காரர் வரவில்லை.

புரட்டாசி 10, வெள்ளி

மாப்பிள்ளை மூன்றாம் முறையாக மின்சார அலுவலகம் சென்று திரும்பினார். முகம் வாடியிருந்தது. என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார்.

"விசாரணைல இருக்குதுன்னு மட்டும் சொல்றாங்க மாமா. என்னன்னு கேட்டா இன்ஜினியரு இல்லீங்கறாங்க. நீங்க கவர்மென்ட்ல இருந்தவரு. யாரப் பாத்தாச் சரியா வருமுங்க?"

"அலுவலகம் என்றால் தாமதம் இருக்கத்தான் செய்யும். பொறுத்திருங்க" என்றேன்.

"புரட்டாசி முடிஞ்சா அந்த வேல போயிருமுங்க."

"இறைவன் விட்ட வழி."

"சரிங்க மாமா" என்று போய்விட்டார். அவரை உட்காரச் சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் கூறியதில் பொய் எதுவும் இல்லை. தாமதம் இருக்கத்தான் செய்யும்.

இன்று அந்தி வழிபாட்டில் மனம் நிலைகொள்ளவில்லை. கொழுந்துவிடாமல் திரி கருகிக்கொண்டே இருந்தது. எண்ணெய் கலப்படமாக இருக்கலாம்.

புரட்டாசி 14, செவ்வாய்

நாளை ஆயுத பூசை. கருவிகளை வீட்டுக்குள் தூக்கிவர இயலாது, லேத் எழுநூறு கிலோ. ஆகவே பூசை ஷெட்டிலேயே நடக்கட்டும் என்றாள் மேகலா. அப்படியானால் சரசுவதி பூசைக்குரிய நூல்களும் அங்கேயே வரவேண்டும், இரண்டும் ஒன்றாக நடப்பதே இக்குடும்பத்தின் வழக்கம். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே நூல்களை வைப்பதா என்று தயங்கினேன்.

"தொடச்சு, சாணி தெளிச்சு, கோலம் போட்டுட்டனுங்க மாமா. தரைல சோறு போட்டே சாப்புடலாம்" என்றார் மாப்பிள்ளை.

"ஸ்பூன் வேண்டாமா?" என்றேன்.

அவர் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினார்.

ஓதும் நூல்களைப் பட்டில் சுற்றி வைத்தாயிற்று. எழுதுகோலும் குறிப்பேடும்கூட எனக்குக் கருவிகளே. பணியில் சேர்ந்த ஆண்டு முதல் நாட்குறிப்பையும் பூசையில் வைத்து, மறுநாள் புனர்பூசைவரை தொடாமல் இருப்பது என் நியமம். எனவே நாளை குறிப்பு இல்லை.

புரட்டாசி 16, வியாழன். விசயதசமி

நடந்தவற்றை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நேற்று மாலை நூல்களுக்கும் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் பொறுப்பை மாப்பிள்ளையே ஏற்றுக்கொண்டார். நூல்களுக்கு மேலட்டையில் வைத்தால் கறைபடும். முதல் பக்கத்தின் மூலையில் வைப்பதே எங்கள் வழக்கம். நானே கற்றுக்கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே சென்று பொரியும் கடலையும் எடுத்து வைத்தேன். வெகுநேரம் அவர் வரவில்லை. வந்தபோது பூசைக்கு நின்றார். ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

இன்று காலை புனர்பூசை. ஆரத்தி முடிந்து திருநீற்றுத் தட்டோடு திரும்பினேன். மாப்பிள்ளை வலக் கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டியிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடித்த தழும்பு, கயிறு சுற்றியதுபோல். இடக் கையால் அந்தக் கையை அடியில் தாங்கித் தூக்கி என் முன் நீட்டினார்.

நான் திருநீற்றை இட்டேன். விரல்கள் குவியவில்லை. விரிந்தபடியே நின்றன. திருநீறு விரலிடுக்கு வழியாகக் கோலத்தின்மேல் உதிர்ந்தது.

"இதான் மாமா வலது கை. பங்குனில லேத்துல சட்டை சிக்கி முறுக்கிருச்சுங்க. எலும்பு சேந்துருச்சு, நரம்பு சேரல. இடது கைய நீட்டுனது திமிர்ல இல்லீங்க."

திமிர் என்ற சொல்லை நான் எவரிடமும் கூறியதில்லை. எழுதியது மட்டுமே.

"முதல் பக்கத்துல சந்தனம் வெக்கத் தெறந்தனுங்க. என்ற பேரு இருந்துச்சு. அடுத்தவங்க நோட்டப் படிச்சது தப்புதானுங்க" என்றார்.

"தப்புன்னு நீங்க எதுக்கு மாப்புக் கேக்கறீங்க?" என்றாள் மேகலா. அவளும் படித்திருக்கிறாள். என் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசமா அந்தக் கைல ஒரு டம்ளரு புடிக்க முடியலீங்கப்பா. எழுத முடியல, சோறு பெசய முடியல. தெனமும் உள்ள போயி இடது கைல ஸ்பேனரு புடிச்சுப் பழகறாரு. நழுவி நழுவி விழுகுது. நீங்க அந்தப் பக்கம் ஒக்காந்து எத்தன தடவ விழுந்துச்சுன்னு எண்ணி எழுதியிருக்கறீங்க."

"விடு மேகலா" என்றார் அவர்.

"வலதுபக்கச் செவத்துல மாட்டுனா எந்தக் கையால எட்டிப் புடிப்பாரு? அதுக்குத்தான் விட்டுவெச்சாரு, உங்க பூசை ரூம இடிக்கறதுக்கு இல்ல."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். என் காதுக்கே அது பதிவு அலுவலகத்துக் கேள்வியாக ஒலித்தது.

"எதை நம்பிப் பொண்ணுக் குடுக்கறதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு அவரு காட்டுன கை இது. ஒரு கை போச்சுன்னு உங்க வீட்டு வாசல்லயே வந்து எப்படிச் சொல்லுவாரு? ஆர்டரக் குடுத்துட்டுச் சொல்லிக்கலாம்னாரு. அந்த ஆபீசுக்கு மூணு தடவ போயிட்டு வந்து உங்ககிட்டயே யோசன கேட்டாரு. பொறுத்திருங்கன்னு சொன்னீங்க."

நான் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

மாப்பிள்ளை குனிந்து, கோலத்தில் உதிர்ந்த திருநீற்றை இடக் கை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே போனார். இன்று அரசு விடுமுறை. மின்சார அலுவலகம் திறந்திருக்காது. விசாரித்துவிட்டேன்.

புரட்டாசி 17, வெள்ளி

அலுவலகம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். எழுத்தர் ஓர் இளம்பெண். என் பதிவுத் தபாலைக் கோப்பிலிருந்து எடுத்தாள்.

"ஐயா, நீங்கதானுங்களே குடுக்கவே கூடாதுன்னு எழுதுனீங்க?"

"ஆம்."

"இப்பக் குடுக்கலாமுங்களா?"

"கொடுக்கலாம். இன்றே கொடுத்தால் நல்லது."

"காரணம் எழுதோணுமுங்க."

தாளை வாங்கி எழுதினேன். சொத்து, உறவு, ஐயம் எழுந்த சூழல் எனக் கோவையாக ஒரு பக்கம் வந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாமுங்கய்யா, ஃபைல்ல ஒரு வரி போதும்" என்றாள். காரணம் தெளிவில்லை என்று எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு தாளில் எழுதினேன்: என் ஆட்சேபணைக்கு ஆதாரம் இல்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. மருமகன் பேர்ல எதுக்குங்க? உங்க பேர்லயே வாங்கிட்டீங்கன்னாப் பின்னால ஒரு தொந்தரவும் வராது. நாங்க எத்தன கேசு பாக்கறோம். எங்கப்பாவா இருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன்."

நல்ல பெண். கவனமான பெண். என்னிடம் பணி செய்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

"அவர் பெயரிலேயே இருக்கட்டும் அம்மா" என்றேன். "வேலை அவருடையது."

"யோசிச்சுக்கங்கய்யா."

"யோசித்தது போதும்."

மூன்று இடங்களில் ஒப்பமிட்டேன். பேருந்தில் திரும்பும்போதும் வீட்டைப் பற்றிய அச்சம் இருந்தது. அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

புரட்டாசி 22, புதன்

இணைப்பு கொடுத்துவிட்டார்கள். லேத் சுழல்கிறது. வீடு முழுதும் மெல்லிய அதிர்வு.

மாப்பிள்ளை என்னோடு பேசுகிறார், தேவையானதை மட்டும். "சாப்ட்டீங்களா மாமா" என்கிறார். அதற்குமேல் இல்லை. குறை கூற எனக்கு வாயில்லை.

புரட்டாசி 29, புதன்

முதல் சரக்குப் போகவேண்டிய நாள் இன்று. காலையில் ஷெட் கதவு திறந்திருந்தது. படியருகே நின்றேன். மாப்பிள்ளை உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. பெஞ்சின்மீது துணி விரித்துப் புஷ்களை அடுக்கியிருந்தார். சூரிய ஒளியில் வெண்கலம் மின்னியது. இடக் கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் காலிப்பரை வைத்து அளந்தார். சிலவற்றை எடுத்து ஒதுக்கினார். பிறகு தலை நிமிராமலே பேசினார்.

"பதினஞ்சு கடைஞ்சு பன்னெண்டு தேறியிருக்குதுங்க. மூணு வீணாப் போச்சு. நோட்டுல எழுதிக்கோங்க மாமா."

மேகலா அடுக்களை சன்னலிலிருந்து, "ஏனுங்க" என்று அவரை அதட்டினாள்.

"எழுதிக்கிறேன் மாப்பிள்ளை" என்றேன்.

எழுதிவிட்டேன்: மூன்று வீண். தேறிய பன்னிரண்டையும் அவர் அனுமதியோடு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் எங்கும் பிசிறு இல்லை. அதை அவர் எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.